ஞாயிறு ஆட்டம்: யாரு யாரோட?

குமார்: லான் பவுல்ஸுக்கு ரெண்டு ரிங்க் (ஆடுற பாதை) கிடைச்சாச்சு. ஞாயிறு காலை 8 முதல் 2 வரை. மிக்ஸ்டா, ஆண்கள் தனி பெண்கள் தனியா? ராத்திரிக்குள்ள சொல்லுங்க. டிரா போடணும்

திவ்யா: மிக்ஸ்டு

முரளி மாமா: தனித்தனி. கோப்பைன்னா அப்படித்தான்

வசந்தி அத்தை: எனக்கும் தனிதான். இவர் டீம்ல நிரந்தர லீடா, அதான் முதல்ல பவுல் விடறவளா, இருந்தது போதும்

சேகர் பெரியப்பா: முதல்ல தலையை எண்ணுங்க. ஆம்பிளைங்க 9, பொம்பளைங்க 6. தனித்தனியா ஃபோர்ஸ் (டீமுக்கு 4 பேர்) வச்சா ஆண்கள்ல 2 டீம் போக 1 ஆள் மிச்சம். பெண்கள்ல ஒரே டீம், எதிர்த்து ஆட ஆளே இல்ல. டீமுக்கு 2+2 மிக்ஸ்டு ஃபோர்ஸ்னா 3 டீம், 3 ஆம்பிளைங்க வெளிய நிக்கணும். மிக்ஸ்டு ட்ரிபிள்ஸ் (டீமுக்கு 3 பேர்) வச்சு, டீமுக்கு ஒரு பெண்ணாவது கட்டாயம்னு சொன்னா 15 பேரும் 5 டீம்ல அடங்கிடுவாங்க. ஒரு டீம்ல மட்டும் 2 பெண்கள், அதைச் சீட்டுக் குலுக்கிக்கலாம். எல்லாரும் எல்லாரோடயும் ஆடினா 10 ஆட்டம், 5 ரவுண்டு. ரவுண்டுக்கு 2 ஆட்டம், ஒரு டீம் ஓய்வு. ரெண்டு ரிங்க்குக்குக் கச்சிதம்

பாட்டி: என் கண்ணாடிய யாரு எடுத்தா

முரளி மாமா: மச்சான், ட்ரிபிள்ஸ்னா தனித்தனியாவும் சரியா வருதே. ஆண்கள் 3 டீம், பெண்கள் 2

சேகர் பெரியப்பா: வரும் மாப்பிள்ளை. ஆனா பெண்கள் ரெண்டு டீமும் காலைலேர்ந்து ஒருத்தர் மூஞ்சியையே ஒருத்தர் பாத்துக்கணும்

ராஜி சித்தி: வசந்தி அண்ணி மூஞ்சியா 🙏

வசந்தி அத்தை: ஏன், என் மூஞ்சிக்கு என்ன

முரளி மாமா: டிரைவ் (வேகமா அடிச்சு விடறது) போட பலம் வேணாமா?

சேகர் பெரியப்பா: எத்தனை டிரைவ் போடப் போறோம்? ஆட்டத்துல முக்கால்வாசி ட்ராதான், அதாவது ஜாக்ங்கிற குறிப்பந்துக்குப் பக்கத்துல போய் நிக்கிற மாதிரி பவுலை விடறது. கோடும் நீளமும் கையில இருக்கணும், அவ்வளவே. பவுல் எடை உச்சவரம்பு 1.59 கிலோ, அது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒண்ணுதான். சைஸ் 00-லேர்ந்து 5 வரை, கையோட அளவைப் பாத்து எடுக்கிறது. பலம் கொஞ்சம் பேசுறது மெதுவான கிரீன்லதான் (கிரீன்னா ஆடுற புல்தரை). பவுல் கையை விட்டுக் கிளம்பி 27 மீட்டர்ல போய் நிக்க 10 செகண்டுதான் ஆகுதுன்னா அது மெதுவான கிரீன். 15 ஆச்சுன்னா வேகமானது. கேக்கத் தலைகீழாத் தெரியும். புல் அடர்த்தியா, ஈரமா இருந்தா ஓங்கித் தள்ளணும், அதனால சீக்கிரம் போய்ச் சட்டுனு நிக்குது. வேகமான கிரீன்ல மெல்ல விட்டாலே ஓடிக்கிட்டே இருக்கும், பயஸ் (பவுல் ஒரு பக்கமா வளையுற அமைப்பு) வளைவும் பெருசா வரும். அங்க முரட்டுக் கைதான் கெடுக்கும்

திவ்யா: 2022 பர்மிங்ஹாம் காமன்வெல்த். நம்ம பெண்கள் ஃபோர்ஸ் தங்கம், 17-10. ஆண்கள் வெள்ளி, 5-18. சும்மா சொன்னேன்

முரளி மாமா: அங்கயும் தனித்தனியாத்தானே ஆடினாங்க

திவ்யா: 😐

சேகர் பெரியப்பா: அதே காமன்வெல்த்ல 1930-லேர்ந்து பவுல்ஸ் இருக்கு, 1966 மட்டும் விட்டுப் போச்சு. பெண்களைச் சேத்தது 1982 பிரிஸ்பேன்ல, அதுவும் ட்ரிபிள்ஸ் மட்டும். 2014 கிளாஸ்கோல பார்வைக் குறைபாடு உள்ளவங்களுக்கு மிக்ஸ்டு பேர்ஸே (டீமுக்கு 2 பேர்) வச்சாங்க

குமார்: பெரியப்பா, நேரம்?

சேகர் பெரியப்பா: அதான் முக்கியம். ட்ரிபிள்ஸ்ல ஆளுக்கு 3 பவுல்னா எண்டுக்கு (எல்லாரும் ஒரு பக்கத்துலேர்ந்து பவுல் விட்டு முடிக்கிற சுத்து) 18 பவுல், மதியம் 2 மணி தாண்டிடும். ஆளுக்கு 2 வை, 12 பவுல்தான். 8 எண்டு ஆடினா ஏறக்குறைய ஒரு மணி நேரம். 5 ரவுண்டு போக இடைவேளைக்கும் நேரம் இருக்கும். சமன் ஆனா ஆளுக்குப் பாதிப் புள்ளி, கூடுதல் எண்டு வேணாம்

வசந்தி அத்தை: மிக்ஸ்டுன்னா எனக்கு ரெண்டு நிபந்தனை. புருஷன் பொண்டாட்டி ஒரே டீம்ல கூடாது. லீட், செகண்ட், ஸ்கிப் (கடைசியா விட்டு டீமை நடத்துறவர்) ஆட்டத்துக்கு ஆட்டம் சுத்தணும்

ராஜி சித்தி: 👍👍

முரளி மாமா: ஸ்கிப்புக்கு அனுபவம் வேணும். ஹெட்ட (ஜாக்கைச் சுத்தி பவுல்ங்க நிக்கிற நிலை) படிக்கத் தெரியணும்

வசந்தி அத்தை: லீடுக்கு வேணாமா?

சேகர் பெரியப்பா: வசந்தி சொல்றது நியாயம். மிக்ஸ்டுல பெரிய ஓட்டையே இதுதான். பேருக்குக் கலந்துட்டு, பெண்களை லீட்ல நிறுத்திட்டு ஆண்கள் ஸ்கிப் பண்றது. லீட் சும்மா இல்ல. மேட் (நின்னு விடற பாய்) போட்டு ஜாக்கை உருட்டி நீளத்தை முடிவு பண்றது அவங்க. 23 மீட்டருக்குக் குறைஞ்சாலோ பக்கவாட்டுல வெளிய போனாலோ ஜாக் எதிராளி லீட் கைக்குப் போயிடும், மேட்டையும் அவங்க நகத்திக்கலாம். முதல் பவுல் மட்டும் நம்மதா இருக்கும், நீளம் அவங்க இஷ்டம்

சேகர் பெரியப்பா: ஆனா மாப்பிள்ளை சொல்றதுலயும் விஷயம் இருக்கு. ஸ்கிப்பே பண்ணாதவங்களைத் திடீர்னு நிறுத்தினா ஒவ்வொரு பவுலுக்கும் இந்தப் பக்கத்துலேர்ந்து கத்துவோம், நேரம் போயிடும். டீமுக்கு ரெண்டு பேர் மாறி மாறி ஸ்கிப், அதுல ஒருத்தர் பெண். யாரு எந்த ஆட்டம்னு கார்டுல முன்னாடியே எழுதிடணும்

முரளி மாமா: பாக்கலாம்

வசந்தி அத்தை: பாக்கலாம்னா இல்லன்னு அர்த்தம். 22 வருஷமாக் கேக்கிறேன்

குமார்: சரி, மிக்ஸ்டு ட்ரிபிள்ஸ், 2 பவுல், 8 எண்டு. ஸ்கிப் சமாச்சாரம் ஞாயித்துக்கிழமை பேசிக்கலாம். டச்சர் (ஜாக்கைத் தொட்ட பவுல்) குறிக்க சாக்பீஸ் நான் கொண்டு வரேன். அளவெடுக்கிற டேப் யாருகிட்ட இருக்கு?

ராஜி சித்தி: போன தடவை அளந்தவர்கிட்டயே கேளு

முரளி மாமா: அந்த பவுல் எங்களதுதான்

திவ்யா: ஐயோ ஆரம்பிச்சாச்சு

சேகர் பெரியப்பா: இந்தத் தடவை அளக்கிறது ரெண்டு டீம் செகண்டும் மட்டும். ஸ்கிப் கிட்டயே வரக் கூடாது

பாட்டி: கண்ணாடி கிடைச்சிடுச்சு. நான் யார் டீம்