ஒரே மடுவில் இரண்டு மூன்று வகைக் கெளுத்தி: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

சாத்தையாறுக்காரன்:

சிறுமலையிலிருந்து இறங்கி சாத்தையாறு அணைக்குப் போகிற ஓடை ஒன்று எங்கள் தோட்டத்தை ஒட்டி ஓடுகிறது. மழை நின்றால் ஓட்டம் அறுந்து மடு மடுவாகத் தேங்கிவிடும். அதில் சாதாரணக் கெளுத்தியும் கிடக்கும், முள் குத்தினால் கடுக்கிற கெளுத்தி வகையான தேளியும் கிடக்கும். பாலமேடு பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நான் எழுத வந்தது ஐப்பசியில் ஈசல் கிளம்பிய ஒரு ராத்திரியைப் பற்றி.

மோட்டார் ரூம் லைட்டுக்கு வந்த ஈசல் எல்லாம் பக்கத்து மடுவில் விழுந்துகொண்டிருந்தது. டார்ச் அடித்தேன். செவுளுக்குப் பின்னால் கறுப்புப் பொட்டும் உடம்பில் கோடும் உள்ள சின்னக் கெளுத்திகள் மேலே வந்து தின்றுகொண்டிருந்தன. அதில் புதுமை இல்லை. ஆனால் தேளியும் வந்திருந்தது. பகல் முழுக்கச் சேற்றில் கிடக்கிற மீன் அது. மேலே வந்தால் ஒரு வாய்க் காற்றை இழுத்துக்கொண்டு உடனே கீழே போய்விடும். அன்றைக்கு மீசை தண்ணீருக்கு மேலே தெரிய, கெளுத்திக்குப் பக்கத்திலேயே நின்று ஈசலை இழுத்துக்கொண்டிருந்தது. ஒரு ஈசல் இறக்கையோடு தேளியின் மீசையில் ஒட்டிக்கொண்டது. அந்தப் பக்கம் வந்த கெளுத்தி அதை மீசையிலிருந்தே பிடுங்கித் தின்றது. தேளி அசையக்கூட இல்லை.

இரண்டுக்கும் நாலு ஜோடி மீசை, இரண்டுக்கும் ராத்திரி வேட்டை, இரண்டும் ஒரே மடு. பங்குனியில் தண்ணீர் முழங்காலுக்குக் குறைந்த பிறகும் எப்படி ஒன்றை ஒன்று விரட்டாமல் காலம் தள்ளுகின்றன? அந்த மீசையில் இருந்து பிடுங்கியதை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி வருகிறது. பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

மேலூர் வாய்க்கால்:

தம்பி, பங்குனியில் என்ன நடக்கும் என்பதற்கு என் அரிவாள்மனையில் பதில் இருக்கிறது.

எங்கள் ஊரில் அழிகண்மாய் அன்றைக்கு, அதாவது வற்றிய கண்மாயில் ஊரே சேர்ந்து மீன் பிடிக்கிற நாளில், வெள்ளைத் துணி வீசியதும் எல்லோரும் இறங்கிவிடுவார்கள். கண்மாய்க்குள் கூட்டம் தாங்காது என்று என் கொழுந்தன் மிகுதித் தண்ணீர் வழிகிற கலுங்குக்குக் கீழே ஓடைப் பள்ளத்தில் ஊத்தாக் கூடையைப் போட்டுக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு வந்தான். பாதி கெளுத்தி, பாதி தேளி. எல்லாம் ஒரே பள்ளம், ஒரே நேரம். சாம்பல் போட்டுக் கல்லில் உரசி வழுவழுப்பை எடுத்துவிட்டு வயிற்றைக் கீறினேன். கெளுத்தி வயிற்றில் கூனி இறால், பூச்சியின் கால், இறக்கை, ஒன்றில் பாதி கரைந்த அயிரை. தேளி வயிற்றில் கறுப்புச் சேறும் அதற்குள் செக்கச் செவேலென்று புழுவும், நெறுநெறுவென்று விரலில் பட்ட நத்தை ஓடும். ஒரு தேளிக் குடலைக் கழுவும்போது அந்தப் புழு இன்னும் நெளிந்தது. என் மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார், என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை.

அதிலிருந்து குடலைப் பிரித்துப் பார்க்காமல் மீன் அரிவதில்லை. மழைக்காலத்தில் பிடித்து வருகிறதில் இரண்டின் வயிற்றிலும் மண்புழுதான், வித்தியாசமே தெரியாது. கோடையில் அரிந்தால்தான் ஒன்று நடுத்தண்ணீரில் தின்றது, ஒன்று அடியில் கிளறித் தின்றது என்று பிரிந்து தெரிகிறது. உங்கள் ஈசல் ராத்திரி மழைக்காலத்துக் கதை.

தூண்டில்முள்:

சண்டையே இல்லை என்று ஆகிவிட்டதா? சரி, நான் பார்த்ததைச் சொல்கிறேன். கள்ளந்திரி பக்கம் பெரியாறு வாய்க்காலில் தண்ணீர் நிறுத்திய பிறகு மதகடியில் தேங்கியதில் ராத்திரித் தூண்டில். கெளுத்தி மாட்டியது. தூக்கியதும் கர்ர் கர்ர் என்று கத்தியது. செவுளோர முள்ளை மூட்டில் உரசித்தான் அந்தச் சத்தம் வரும். ஆனால் தண்ணீருக்குள்ளிருந்தும் அதே சத்தம் எனக்குக் கேட்டது. கைவிளக்கில் பார்த்தால் ஒரு கல்லிடுக்கு வாயில் இரண்டு கெளுத்தி மீசையை விரித்து நிற்கிறது. இரண்டும் ஒரே சாதிக் கெளுத்தி. தேளி அந்தப் பக்கமாகப் போனது, அதை இரண்டும் கண்டுகொள்ளவில்லை. அதனால் சண்டை உண்டு அண்ணே, தன் இனத்தோடுதான் அதிகம் என்று நான் நினைக்கிறேன்.

அப்புறம் ஒரு விஷயம், இதைப் படித்துவிட்டு டார்ச்சோடு மடுவில் கையை விடப்போகிறவர்களுக்கு. தேளியின் செவுளோர முள்ளில் விஷம் உண்டு. கொக்கியைக் கழற்றும்போது எனக்குக் கட்டைவிரலில் ஏறியது, வலி அக்குள் வரை வந்தது. குத்தினால் சுண்ணாம்பு, மஞ்சள், பெட்ரோல் என்று கையில் கிடைத்ததை வைக்காதீர்கள். இறுக்கிக் கட்டாதீர்கள். பிளேடால் கீறாதீர்கள். பொறுக்கிற சூட்டில் வெந்நீரை எடுத்து, 45 டிகிரி அளவு போதும், அதில் குத்துப்பட்ட இடத்தை அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை அமிழ்த்தி வைத்திருங்கள். அந்த விஷம் புரதம், சூட்டில் சிதையும். குத்துப்பட்ட கைக்குச் சூடு சரியாகத் தெரியாது, அதனால் முதலில் மற்றக் கையை விட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால் தோல் வெந்துவிடும். முள் நுனி உள்ளே ஒடிந்திருக்கிறதா என்று டாக்டரிடம் காட்டுங்கள், டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். வீக்கம் மறுநாளும் ஏறினால் தள்ளிப்போடாதீர்கள். மீனைப் பிடிக்கிற விதமும் உண்டு: ஈரச் சாக்கைப் போட்டு அமுக்கி, தலைக்குப் பின்னால் இரண்டு முள்ளும் விரலுக்கு வெளியே நிற்கிற மாதிரிப் பிடிக்க வேண்டும். குழந்தைகளை ஊத்தாவுக்குள் கைவிட்டுத் துழாவ விடவே கூடாது.

வைகைப்பிள்ளை:

நீங்கள் எல்லோரும் ஓடையில் இருப்பதைப் பேசுகிறீர்கள். ஊருக்குள் வந்து பாருங்கள்.

ஆல்பர்ட் விக்டர் பாலத்துக்குக் கீழே வீச்சு வலை போடுகிறவர் பக்கத்தில் நின்றிருந்தேன். வலை கனமாக வந்தது. உள்ளே கறுப்பாக, உடம்பெல்லாம் ஓடு போர்த்திய மீன்கள். மீன் தொட்டியைச் சுத்தம் செய்ய வாங்குகிற டேங்க் கிளீனர்தான், ஆனால் முழங்கை நீளம். முள் மாட்டி வலை பொத்துப் போனது. அவர் ஒவ்வொன்றாக அறுத்தெடுத்து மணலில் எறிந்தார். ஒன்றைக் கீறிக் காட்டினார். குடல் பழைய கடிகாரத்துச் சுருள்வில் மாதிரிச் சுற்றிச் சுற்றி வயிற்றை அடைத்திருந்தது, உள்ளே பச்சைப் பாசியும் சேறும்தான். ஒரு மீன் குஞ்சு கிடையாது. முன்னே எல்லாம் இதே இடத்தில் ஒரு வீச்சுக்குக் கெளுத்தியும் ஆரலும் வரும் என்றார். நாங்கள் கிளம்பும்போதும் மணலில் கிடந்ததற்குச் செவுள் அசைந்துகொண்டிருந்தது.

பாசி தின்கிற மீனால் பூச்சி தின்கிற கெளுத்திக்கு என்ன நஷ்டம் என்று ஒரு நண்பர் என்னிடம் வாதாடினார். கல்லில் படர்ந்த பாசிக்குள்தான் பூச்சிப் புழுக்கள் குடியிருக்கின்றன. பாசியைச் சுரண்டினால் கெளுத்தியின் சாப்பாட்டுக் கூடமே போச்சு. போதாததற்கு இது முட்டையிடக் கரையில் வளை தோண்டும், மண் சரியும். தென் அமெரிக்க ஆற்று மீன். அங்கே அதைத் தின்ன ஆள் உண்டு, இங்கே இந்த ஓட்டை யார் உடைப்பது? சாக்கடை கலந்து கெளுத்தி போன பிறகு வந்ததா, வந்ததால் போனதா என்று தூண்டில்முள் கேட்பார். இரண்டும் சேர்ந்துதான் என்பது என் எண்ணம். தொட்டியில் பெரிதாகிவிட்டது, பாவம் என்று ஆற்றில் விடுகிறவர்கள் தயவுசெய்து விடாதீர்கள்.

கரைமேட்டுப் படிப்பு:

மீன்வளம் படிக்கிறேன். மேலூர் அக்கா அரிவாள்மனையில் செய்ததைத்தான் நாங்கள் ஆய்வகத்தில் செய்கிறோம்: எந்த வகை இரை எத்தனை வயிற்றில் இருந்தது என்று எண்ணி, இரண்டு இனத்துக்கும் எவ்வளவு பொது என்று பார்ப்பது. பனாமாவில் ஒரு சின்ன ஓடையில் சாரெட், ராண்ட் என்ற இருவர் செய்து 1971இல் வெளியிட்டார்கள். மழைக்காலத்தில் மீன்களின் சாப்பாடு ஒன்றோடொன்று கலந்து கிடந்தது, வறட்சியில் இரை குறைந்ததும் பிரிந்தது. அக்கா சொன்ன அதே கதை, வேறு மீன்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. குட்லாடம்பட்டிக்குக் கீழே ஒரு மடு, சித்திரை மாதம், விடியற்காலை. தண்ணீரில் உயிர்க்காற்று மிகக் குறைந்திருக்கும் நேரம் அது. கெளுத்திகள் மேலே வாயைத் திறந்து திறந்து மூடின. சில ஏற்கெனவே வயிறு வெளுத்து மிதந்தன. அடியிலிருந்து ஒரு தேளி சாவகாசமாக வந்து காற்றை இழுத்துவிட்டு, செத்த கெளுத்தியின் வயிற்றைப் பற்றிக் கீழே இழுத்தது. தேளிக்குச் செவுள் அறையிலிருந்து முதுகெலும்பை ஒட்டிப் பின்னோக்கிப் போகிற நீளமான காற்றுப் பை உண்டு, கெளுத்திக்கு இல்லை. ஆக, சாத்தையாறு அண்ணன் கேட்டதற்கு என் பதில்: சாப்பாட்டைப் பிரித்துக்கொள்வதால் மட்டும் இரண்டும் பிழைக்கவில்லை. வறண்ட வருடம் தேளி பக்கம், ஓட்டம் உள்ள வருடம் கெளுத்தி பக்கம். மடுவில் கெளுத்தி அற்றுப்போனாலும் கண்மாய் நிரம்பி மறுகால் பாயும்போது எதிர்நீச்சலில் மறுபடி ஏறி வரும். அந்த வழி திறந்திருக்கிற வரைக்கும் இரண்டும் இருக்கும். செங்குத்தாகத் தடுப்பணை கட்டிவிட்டு மீன் ஏறச் சரிவு விடாத ஓடைகளில் மேல்பக்கம் தேளி மட்டும் மிஞ்சுவதற்கு வாய்ப்பு அதிகம். சாப்பாட்டைப் பற்றி இவ்வளவு பேசினோம், வழியைப் பற்றி யாரும் பேசவில்லை.

சாத்தையாறுக்காரன்:

தம்பி, எங்கள் மடுவுக்குக் கீழே தடுப்பணை இருக்கிறது. ஆனால் ஓரத்தில் பாறை சரிந்து கிடக்கிறது, மழையில் கெளுத்தி அதன் வழியாகத்தான் ஏறுகிறது போல. அதைக் கான்கிரீட் போட்டு அடைக்கப் பேச்சு ஓடுகிறது. கிராமசபையில் இதைச் சொல்லப்போகிறேன். அக்கா, பக்கத்துத் தோட்டத்தில் பண்ணைக்குட்டைக்குத் தேளிக் குஞ்சு வாங்குகிறார்கள். குட்டை நிறைந்தால் எங்கள் ஓடைக்குத்தான் வழியும். நல்லதுதானே?

மேலூர் வாய்க்கால்:

குஞ்சைப் பார்க்காமல் நல்லது என்று சொல்லாதே தம்பி. தேளி என்று சொல்லி ஆப்பிரிக்கக் கெளுத்தியை விற்கிறார்கள். அதை வளர்க்க நம் நாட்டில் தடை. மீட்டர் நீளத்துக்கு வளரும், ஓடையில் புகுந்தால் கெளுத்தி, தேளி, தவளை எதையும் வைக்காது. முதுகைப் பார்: நம் தேளிக்கு முதுகுத் துடுப்பு முன்பக்கம் துளியூண்டுதான் இருக்கும். ஆப்பிரிக்கக் கெளுத்திக்குத் தலைக்குச் சற்றுப் பின்னால் ஆரம்பித்து வால் கிட்ட வரைக்கும் நீளமாக ஓடும். வண்டியிலிருந்து இறக்குவதற்கு முன்னாலேயே ஒன்றை எடுத்துப் பார்க்கச் சொல்.