ரம்பொடை ஏற்றத்தில் மட்டும் சூடேறும் வேன்: அடுத்து எதைப் பார்ப்பது?

வணக்கம். பழைய டர்போ டீசல் வேன். நுவரெலியாவுக்கு ஏறும்போது கம்பளை வரை வெப்பமானி முள் நடுவில்தான் நிற்கிறது. புசல்லாவை தாண்டி ரம்பொடை ஏற்றத்தை இரண்டாம் கியரில் பிடித்தால் முக்காலைத் தாண்டுகிறது. ஹீட்டரைப் போட்டால் இறங்குகிறது.

தெர்மோஸ்டாட் (சூடானதும் கூலன்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு) புதிது, 82 பாகை. கூலன்ட் பாதி, வடித்த நீர் பாதி (பீலியில் வரும் ஊற்றுத் தண்ணீர் ஒரு சொட்டும் இல்லை). ரேடியேட்டர் மூடியும் புதிது, 0.9 பார். நுவரெலியா உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதிக்கும் என்பதால், அழுத்தம் பிடிக்காத மூடியோடு மலை ஏறவே கூடாது. ரேடியேட்டருக்கு முன்னாலுள்ள ஏசி கன்டென்சரை விலக்கி, இரண்டுக்கும் நடுவே அடைந்திருந்த மண்ணையும் பூச்சிகளையும் எஞ்சின் பக்கமிருந்து மெதுவாக நீரடித்துக் கழுவியாயிற்று. முன்னாலிருந்து பிரஷரில் அடித்தால் குப்பை இன்னும் உள்ளே இறுகும், தகடுகளும் மடியும்.

மிச்சம் இரண்டு சந்தேகம். எஞ்சினைச் சூட்டோடு நிறுத்திவிட்டு விஸ்கஸ் ஃபேனை (சூடேறினால் ஹப்பிலுள்ள சிலிக்கன் ஓயிலால் இறுகிச் சுழலும் விசிறி) கையால் சுழற்றினால் இரண்டு மூன்று சுற்று தாராளமாக ஓடுகிறது, இறுக்கமே இல்லை. சிலிக்கன் ஓயில் நிரப்பினால் போதுமா, ஹப்பையே மாற்றவேண்டுமா? அடுத்தது ஹெட் கஸ்கட் (எஞ்சின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடு) போயிருக்குமோ என்பது. கூலன்ட் குறையவில்லை, குமிழியும் இல்லை. ஆனாலும் கூலன்டில் எஞ்சின் புகை கலந்தால் நீலத் திரவம் நிறம் மாறும் அந்தச் சோதனையைச் செய்துவிடுவது நல்லது. ஹட்டன், நாவலப்பிட்டி பக்கம் செய்கிற கராஜ் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.