சிறந்த என்எப்எல் அணி: இரண்டு இடங்களுக்கு உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. என்எப்எல் எனும் அமெரிக்கக் கால்பந்து லீக்கின் வரலாற்றில், களத்தின் ஒவ்வோர் இடத்துக்கும் ஆகச் சிறந்த ஒருவரைத் தேர்ந்தெடுத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் டாம் பிரேடி; 7 சூப்பர் பவுல் (லீக்கின் இறுதிப்போட்டி) வென்றவரை எப்படி விடுவது? எறியும் பந்தைப் பிடிக்கும் ரிசீவர் ஜெர்ரி ரைஸ், எதிரணியைத் தடுக்கும் லைன்பேக்கர் லாரன்ஸ் டெய்லர். இதிலெல்லாம் தயக்கமே இல்லை.

பந்தோடு ஓடும் ரன்னிங் பேக்கில்தான் மாட்டிக்கொண்டேன். எம்மிட் ஸ்மித் ஓடிய 18,355 யார்டைத் தாண்ட ஆளில்லை. ஆனால் ஜிம் பிரவுன் ஆடிய 9 சீசனில் 8 முறை லீக்கிலேயே அதிக யார்டு ஓடியவர் அவர்தான். என் மனசு அவர் பக்கம்.

அப்புறம் குவார்ட்டர்பேக்கை இடப்பக்கம் நின்று காக்கும் லெஃப்ட் டேக்கிள். அந்த இடத்துக்கு யார்டு, டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுபோய்ப் புள்ளி எடுப்பது) கணக்கே கிடையாது. அந்தோணி முனியோஸா, ஜோனதன் ஆக்டனா? இவர்கள் ஆடிய ஆட்டங்களைப் பார்த்தவர்கள் எதை வைத்து எடைபோடுவீர்கள் என்று கொஞ்சம் விளக்கிச் சொல்லுங்கள்.