அவசரம்: டூரிஸ்ட் விசாவில் வந்த அப்பா அம்மா, தேதி தாண்டிடுச்சு. என்ன ஆகும்?

நெய்வேலி_பையன்:
அப்பா அம்மா டூரிஸ்ட் விசால வந்திருக்காங்க. தங்குற தேதி முடிஞ்சிடுச்சுன்னு ஆபீஸ்ல ஒருத்தர் சொல்றார். விசா 2032 வரைக்கும் இருக்கே! திரும்பும்போது ஏர்போர்ட்ல பிடிப்பாங்களா? அபராதம் எவ்வளவு? சீக்கிரம் சொல்லுங்க.

பாங்காக்_பாலா:
பயப்படாதீங்க ப்ரோ. ஒரு நாளைக்கு 500 பாட், எத்தனை நாள் ஆனாலும் 20,000க்கு மேல போகாது. கவுன்டர்ல கட்டிட்டுக் கிளம்பலாம். 90 நாள் தாண்டினாதான் தடை.

சாந்தி_மதுரை:
அவர் தாய்லாந்துன்னு சொல்லவே இல்லையே! எந்த நாடு தம்பி? தேதி எப்ப முடிஞ்சது?

மூத்தவர்72:
2032 வரை டூரிஸ்ட் விசா என்றால் பெரும்பாலும் அமெரிக்கா என்று தெரிய வேண்டாமா? இதே கேள்விக்குப் பலமுறை பதில் எழுதிவிட்டேன், தேடிப் படிக்கத்தான் ஆளில்லை. விசா வாசல் வரை வருவதற்கு. எத்தனை நாள் தங்கலாம் என்பதை இறங்கும்போது அதிகாரி முடிவு செய்வார். அந்தத் தேதி ஐ-94 என்ற வருகைப் பதிவில் இருக்கும். பார்த்தீர்களா?

நெய்வேலி_பையன்:
அமெரிக்காதான் சார், நியூ ஜெர்சி. ஐ-94 இப்பதான் எடுத்தேன். போன மாசக் கடைசியோட முடிஞ்சிருக்கு.

டொராண்டோ_அண்ணை:
தம்பி, இங்க கனடாவில எண்டால் 90 நாளுக்குள்ள விண்ணப்பிச்சு ஸ்டேட்டஸை மீட்கலாம். அங்கயும் அப்பிடித்தான் இருக்கும்.

சாந்தி_மதுரை:
அங்க அப்படி இல்லை அண்ணா. தம்பி, நீட்டிப்புக்கு ஐ-539 படிவம் போட்டீங்களா? தேதிக்கு முன்னாடி ஒழுங்கா போட்டிருந்தா, முடிவு வர்ற வரைக்கும் சட்டவிரோத நாள் கணக்கு ஏறாது.

நெய்வேலி_பையன்:
போடல அக்கா. அம்மாவுக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன். டிக்கெட்டைத் தள்ளிப் போட்டதோட சரி.

மூத்தவர்72:
இதை முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டும்! கையை மீறிய காரணம் இருந்தால் தாமத விண்ணப்பத்தையும் ஏற்க விதியில் இடமுண்டு. ஆனால் அது அதிகாரியின் விருப்பம். தேதி முடிந்தபின் 180 நாளைத் தாண்டிவிட்டுக் கிளம்பினால் திரும்பி வர 3 வருடத் தடை, ஒரு வருடமானால் 10 வருடம். நீங்கள் அந்த எல்லைக்கு வரவில்லை. ஆனால் ஒரு நாள் தாண்டினாலும் அந்த விசா செல்லாது. 2032 என்று அச்சிட்டிருப்பதை நம்பி அடுத்த முறை விமானம் ஏற்றிவிடாதீர்கள். ஊரில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், எதையும் மறைக்காமல்.

ஹைவே_ராஜா:
அமெரிக்காவுல வெளிய போறப்ப இமிகிரேஷன் கவுன்டரும் இல்லை, முத்திரையும் இல்லை. யாருக்குத் தெரியப்போகுது? எங்க மாமனார் ரெண்டு வாரம் கூட இருந்துட்டு அதே விசால மறுபடி வந்தார்.

சாந்தி_மதுரை:
ஏர்லைன் பயணிகள் பட்டியல் அரசாங்கத்துக்குப் போகுது. ஐ-94 தளத்துலயே பயண வரலாறு இருக்கு, பாருங்க.

மூத்தவர்72:
ஒரு மாமனார் தப்பியது சட்டமாகிவிடாது.

செல்வி_கோவை:
வயசானவங்களைக் குளிர்காலத்துல ஆறு மாசம் உட்கார வெச்சா இப்படித்தான். பேரனைப் பார்த்துக்க டே-கேர் இருக்கு. முதல்ல அவங்க உடம்பைப் பாருங்க.

ஹைவே_ராஜா:
பேரனைப் பார்க்கணும்னு அவங்கதான் ஆசையா வர்றாங்க. யாரும் கட்டிப்போடல.

செல்வி_கோவை:
அவங்க கிட்டத் தனியா கேட்டுப் பாருங்க.

நெய்வேலி_பையன்:
வக்கீல்கிட்ட பேசிட்டேன். பயணம் பண்ணலாம்னு டாக்டரும் சொல்லிட்டார். வெள்ளிக்கிழமை கிளம்புறாங்க. எல்லாருக்கும் நன்றி.

சாந்தி_மதுரை:
நல்லது தம்பி. டிஸ்சார்ஜ் சம்மரி, போர்டிங் பாஸ், சென்னைல இறங்குற முத்திரை எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி வைங்க, அடுத்த விசா இன்டர்வியூவுக்கு வேணும். அம்மாவுக்கு வீல்சேர் வேணும்னு ஏர்லைன்ல இன்னிக்கே சொல்லிடுங்க.