மலைக் குளிரில் மெழுகுவர்த்தி செய்வது: எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

கோத்தகிரிப்பெண்:
ஐப்பசி மழை பிடித்துவிட்டால் எங்கள் பக்கம் கரண்டை நம்ப முடியாது. கடையில் வாங்கும் மெழுகுவர்த்தி எரிவதைவிட வழிவதுதான் அதிகம். வீட்டிலேயே செய்து பார்க்கலாம் என்றால், வீடியோ போடுகிறவர்கள் எல்லாம் சென்னை, பெங்களூர் ஆட்கள். எல்லோரும் சோயா மெழுகு என்கிறார்கள். குளிருக்கு அது சரிவருமா? கேஸ் அடுப்பு போதுமா? வாசனைக்கு நீலகிரித் தைலம் ஊற்றலாமா?

ஊட்டி_மேரியக்கா:
வாம்மா. கண்ணாடிக் குடுவையில் ஊற்றி மேசையில் வைத்து அழகு பார்க்கத்தான் சோயா. நம் குளிரில் அது கண்ணாடியை விட்டு விலகும், வெள்ளை வெள்ளையாய்ப் பூத்தும் போகும். உனக்கு வேண்டியது கரண்ட் போனால் நிமிர்ந்து நின்று எரிகிற வர்த்தி. 58-60 டிகிரியில் உருகும் பாரஃபின் மெழுகு ஒரு கிலோ வாங்கு, கூட ஸ்டியரிக் ஆசிட் 100 கிராம். அதைக் கலந்தால் வர்த்தி கெட்டியாகும், அச்சிலிருந்து சுலபமாய்க் கழன்றும் வரும்.

கேஸ் அடுப்பு போதும். ஆனால் மெழுகுப் பாத்திரத்தை நேரே தீயில் வைக்காதே; கொதிக்கும் தண்ணீருக்குள் வை. ஊட்டி 2,240 மீட்டர் உயரம், இங்கே தண்ணீர் 93 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும். மெழுகு அதைத் தாண்டிச் சூடாக வழியே இல்லை. மலை நமக்குச் செய்கிற உதவி இது! தப்பித்தவறித் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. அடுப்பை அணைத்துத் தட்டால் மூடு. மிச்ச மெழுகை சிங்க்கில் கொட்டாதே, குழாய் அடைத்துக்கொள்ளும்.

இனி திரி. பாதி வேலை அதில்தான். விளக்குத் திரி ஆகாது. பின்னிய பருத்தித் திரி வேண்டும். பின்னல் திரி எரிய எரிய நுனி வளைந்து சுடரின் ஓரத்துக்குப் போய்த் தானே கருகி உதிரும். முறுக்குத் திரி நேராக நின்று நீளும், கரி கட்டும், புகையும். மெழுகுக்குள் குழி விழுந்து சுடர் மூழ்கினால் திரி மெல்லிசு. புகைந்து வழிந்தால் தடிமன். உங்கள் கடை வர்த்தியிலும் கோளாறு அதுவாக இருக்கலாம். திரியை உருகிய மெழுகில் ஒருமுறை முக்கி, இழுத்துப் பிடித்துக் காயவை. மழைக்காலத்தில் ஈரத் திரி படபடவென்று வெடிக்கும்.

அச்சை அடுப்புப் பக்கத்தில் வைத்து வெதுவெதுப்பாக்கிவிட்டு ஊற்று. ஊற்றியதும் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து மூடு. வேகமாய் ஆறினால் விரிசல் விடும். மெழுகு இறுகும்போது சுருங்குவதால் திரியைச் சுற்றிப் பள்ளம் விழத்தான் செய்யும். குச்சியால் குத்தி, கொஞ்சம் மெழுகு எடுத்துவைத்து இரண்டாம் முறை ஊற்று.

கொடை_தேன்பெட்டி:
தைலம் பற்றி அக்கா சொல்லவில்லை. நீலகிரித் தைலத்தின் ஆவி 50 டிகிரிக்குள்ளேயே தீப்பிடிக்கும். அடுப்பை அணைத்து, பாத்திரத்தைத் தள்ளி வைத்த பிறகே கலக்க வேண்டும். அப்படியும் சூடான மெழுகில் பாதி மணம் பறந்துவிடும், காசுக்குக் கேடு. முதலில் வாசனை இல்லாமலே செய்யுங்கள்.

தேன்மெழுகு 62 டிகிரிக்கு மேல்தான் உருகும், திரியும் தடிமனாக வேண்டும். நான் பழைய தேனடைகளைத் துணியில் கட்டி வெந்நீரில் போடுவேன். மெழுகு மிதந்துவந்து, ஆறியதும் வில்லையாய்க் கட்டிக்கொள்ளும். அதிகம் சூடேற்றினால் நிறம் கறுத்துப்போகும். விலை அதிகம், பழகுகிற கைக்கு வேண்டாம்.

கோத்தகிரிப்பெண்:
சரி அக்கா, பாரஃபினே வாங்குகிறேன். அச்சுக்கு ஜூஸ் வந்த அட்டை டப்பா ஆகுமா? நிறத்துக்குத் தம்பியின் கிரேயான் கிடக்கிறது.

ஊட்டி_மேரியக்கா:
டப்பா தாராளமாய் ஆகும். கழுவி நன்றாகக் காயவை, இறுகியதும் கிழித்து எடுத்துவிடலாம். கிரேயானைத் தம்பியிடமே கொடுத்துவிடு, அந்தப் பொடி திரியை அடைத்துவிடும். எண்ணெயில் கரையும் சாயம் மெழுகு விற்கிற இடத்திலேயே கிடைக்கும்.