அம்பாசடரில் இரண்டு முள்ளும் சேர்ந்தே ஏறுகின்றன

அண்ணாச்சிமாரே, ஒரு யோசனை சொல்லுங்கள். அப்பாவின் பழைய பெட்ரோல் அம்பாசடரில் பெட்ரோல் முள், டெம்பரேச்சர் முள் இரண்டும் மேலே ஏறி நிற்கின்றன. டேங்கில் கால்வாசிதான் இருக்கிறது. ரேடியேட்டரும் கொதிக்கவில்லை, நம்ம ஊர் வெயிலுக்கே!

டேங்க் மிதவையின் ஒயரைக் கழற்றினால் முள் இறங்குகிறது, பாடியில் லேசாகத் தொட்டால் ஏறுகிறது. ஆக, மீட்டருக்கு உயிர் இருக்கிறது. இரண்டும் ஒன்றாகக் கெடுவது அபூர்வம். டேஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள வோல்டேஜ் ஸ்டெபிலைசர் மேல்தான் என் சந்தேகம். 12 வோல்ட்டை ஏறத்தாழ 10 ஆக்கிக் கொடுக்கிற பெட்டி அது. அதன் எர்த் (வண்டி பாடியோடு சேரும் இணைப்பு) விட்டுப்போனால் முழு வோல்ட்டேஜும் மீட்டருக்குப் போய்விடும்.

பாளையங்கோட்டையில் கேட்டால் மீட்டரையே மாற்றச் சொல்கிறார்கள். மனசு வரவில்லை. ஸ்டெபிலைசருக்குப் பதில் 7810 ஐசி (10 வோல்ட் மட்டும் கொடுக்கிற சின்ன சிப்) போட்டு ஓட்டுபவர்கள் இருக்கிறீர்களா? நெல்லை, அம்பை, தென்காசிப் பக்கம் பழைய மீட்டர் வேலை தெரிந்தவர் யார்?