கிரிட்டிகல் தாண்டின பிறகும் 18 ஹெர்ட்ஸ்ல ஆட்டம், பேலன்ஸ் பண்ணியும் குறையல

சுழலி:
என் ரோட்டர்ல நாலு பிளேடு, மெல்லிசான ஷாஃப்ட், ரெண்டு முனையிலும் பால் பேரிங். பிளேடு வேர்ல ரப்பர் புஷ் இருக்கு, அதனால சுத்துற தளத்துலயே பிளேடு முன்னும் பின்னும் கொஞ்சம் ஆடும். ஷாஃப்ட்டோட முதல் கிரிட்டிகல் (சுத்துற வேகம் ஷாஃப்ட்டோட சொந்த அதிர்வெண்ணோட ஒத்துப்போற இடம்) 1080 ஆர்பிஎம், அதாவது 18 ஹெர்ட்ஸ். அதைத் தாண்டுறப்ப ஒரு குலுக்கல், அப்புறம் அமைதி. 1800 கிட்ட போனா திரும்ப ஆட ஆரம்பிச்சு, வேகத்தைக் குறைக்கிற வரைக்கும் வளர்ந்துக்கிட்டே போகுது. மறுபடி பேலன்ஸ் பண்ணியாச்சு, துளியும் மாறல. எங்க தேடணும்?

அதிர்வு:
ஸ்பெக்ட்ரம்ல உச்சி எங்க? 1800 ஆர்பிஎம்னா 30 ஹெர்ட்ஸ், அந்த 30-லயா?

சுழலி:
30-ல சின்னதா ஒண்ணு. பெருசு 18-லதான். பிளேடுல ஒட்டின ஸ்ட்ரெயின் கேஜ் (வளைவை அளக்குற உணரி) 12 காட்டுது. ஆனா பிளேடை நிறுத்தி வச்சுத் தட்டினா 9 தானே வருது?

பழைய டர்பைன்காரர்:
பேலன்ஸ் கோளாறுன்னா சுத்துற வேகத்துலயே, 30-லதான் தெரியும். 30-ல சுத்துற ரோட்டர் 18-ல வளருதுன்னா பேலன்ஸ் வெயிட்டை எடுத்து வச்சுடுங்க. இது தன்னைத்தானே தூண்டிக்கிற ஆட்டம். என் முதல் சந்தேகம் ஹப் (பிளேடுங்களைத் தாங்குற நடுத்துண்டு) மேலதான்: ஷாஃப்ட் மேல லூசா உக்காந்திருந்தா, அந்த உராய்வு கிரிட்டிகலுக்குக் கீழே ஆட்டத்தை அடக்கும், மேலே போனா அதுவே சக்தி ஊட்டும். 1924-லயே நியூகிர்க், கிம்பால்னு ரெண்டு எஞ்சினியருங்க இதை எழுதிட்டாங்க. கேஜ்ல வர 12-ஐ நம்பிப் பிளேடைக் குற்றம் சொல்லாதீங்க. ஷாஃப்ட் சுத்துற திசையிலேயே 18-ல வளைஞ்சு சுத்தினா, பிளேடு மேல உக்காந்து பாக்குற கேஜுக்கு அது 30 கழித்தல் 18, அதாவது 12-ஆத்தான் தெரியும்.

அதிர்வு:
சரிதான் சார், ஆனா பிளேடோட சொந்த அதிர்வெண்ணும் அங்கேயே வந்து நிக்குது. மையவிலக்கு விசை பிளேடை விறைப்பாக்கும். ரப்பர் கீல், ஆரத்துல 4-5 சதவீதம் தள்ளி இருந்தா சவுத்வெல் கெழு (சுத்துற வேகத்தோட வர்க்கத்துல எவ்வளவு பங்கு பிளேடு அதிர்வெண்ணோட வர்க்கத்துல கூடுதுங்கிற எண்) சுமார் 0.07. 9-ன் வர்க்கம் 81, 30-ன் வர்க்கம் 900, அதனால கூட 0.07 × 900 = 63, மொத்தம் 144. அதாவது 12. அப்போ வெளியில நின்னு பாத்தா 30 − 12 = 18, ஷாஃப்ட்டோட நேருக்கு நேர் மோதுது. பிளேடுங்க ஒரு பக்கமா நெருங்கினா அதுங்களோட பொது ஈர்ப்பு மையம் நடுவை விட்டு விலகி, ஷாஃப்ட்டை இழுக்கும். ஹெலிகாப்டர்ல கிரவுண்ட் ரெசொனன்ஸ்னு சொல்றது இதுதான். கோல்மன், ஃபைங்கோல்டுனு ரெண்டு ஆய்வாளருங்க 1940-கள்ல கணக்குப் போட்டுக் காட்டினது.

பழைய டர்பைன்காரர்:
அந்தக் கணக்கு பொருந்துது. ஆனா ரெண்டுக்கும் வைத்தியம் வேற. ஹப் காரணம்னா ஃபிட்டை இறுக்கி, பேரிங் தாங்கியில டாம்பிங் (அதிர்வைத் தணிக்கிற தன்மை) கூட்டணும். பிளேடுன்னா தாங்கி மட்டும் போதாது, பிளேடுலயும் டாம்பிங் வேணும். முதல்ல பிரிச்சுப் பாருங்க: பிளேடைக் கழட்டி, அதே ஹப்புல அதே எடைக்கு ஒரு தட்டு மாட்டி ஓட்டுங்க. கூண்டு போடாம ஓட்டாதீங்க.

சுழலி:
தட்டு போட்டு 2000 தாண்டி ஓட்டினேன். 1080-ல வழக்கமான குலுக்கல், அதுக்கு மேல 18-ல எதுவுமே இல்ல. அப்போ பிளேடுதானா? ரப்பரை மாத்திடவா?

அதிர்வு:
மாத்துங்க, ஆனா சும்மா கொஞ்சம் கெட்டியாக்கினா மோதல் வேற வேகத்துக்கு நகரும், அவ்வளவுதான். பிளேடோட அதிர்வெண் சுத்துற வேகத்துக்கு மேலேயே இருந்தா இந்தப் பிரச்சனையே எழாது. இதே கெழுவை வச்சா, 30-க்கு எல்லை நின்ன நிலையில 29. எல்லையில நிக்க வேண்டாம், 35-க்குக் குறிவையுங்க. ஓடுறப்ப 36 கிட்ட வரும். அவ்வளவு விறைப்பு ரப்பர்ல கிடைக்கிறது கஷ்டம், ஸ்டீல் ஃபிளெக்ஷர் (கீலுக்குப் பதிலா வளைஞ்சு கொடுக்குற துண்டு) தான் சரியா வரும். அது போட்டா பிளேடு வேர்ல வளைவு அழுத்தம் ஏறும், அதைத் தனியா சரி பாத்துடுங்க.

சுழலி:
ஃபிளெக்ஷர் வரையறேன். தட்டிப் பாத்துட்டு வர்ற அதிர்வெண்ணை இங்க போடறேன்.